இரண்டு வேருள்ள முத்து

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் ஆராய்ச்சி வரலாற்றில் பல்லக்காவுக்கு ஓர் இடம் உண்டு. அது வாசலுக்கு வெளியேதான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக மெழுகு, அச்சு, தேய்க்கும் சக்கரம். யாரைக் கண்டாலும் முதலில் வாயைப் பார்ப்பார். முகம் பிறகு, நேரம் இருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு மழைக்கு அங்கே ஒதுங்கியவர், மாடி அறையில் பரோக் என்னும் பழைய ஐரோப்பியப் பாணி ஓவியம் ஒன்றைப் பார்த்தார். கரிய இருட்டு, ஒரு பக்கமிருந்து விழும் வெளிச்சம், அதில் கத்தோலிக்கப் புனிதை ஒருத்தி. கையில் இடுக்கி, இடுக்கி முனையில் வெள்ளையாக ஏதோ. கீழே அட்டை: 'பெயர் தெரியாத புனிதை, முத்துடன்.' பக்கத்தில் ஓர் அறிவிப்பு: அடையாளம் தெரியாத படங்கள் மாதக் கடைசியில் கிடங்குக்குப் போகும்.

"முத்தாம்! ரெண்டு வேர் இருக்கு. கீழ்க்கடைவாய்ப் பல்லுங்க அது."

"ஞாயித்துக்கிழமையாவது பல்லுக்கு லீவு விடேன்," என்றார் கணவர்.

"கிடங்குல போட்டா கரையான்தான் கும்பிடும். விடமாட்டேன்."

அருங்காட்சியகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று மூன்று பதில்கள் வந்தன. கையெழுத்து மட்டும் வேறு வேறு. மாதக் கடைசி நாளன்று தம் பல்செட் லேபைப் பூட்டிவிட்டு, பிடுங்கிய பல் ஒன்றை டப்பியில் போட்டுக்கொண்டு நேரே போனார். மாடியில் ஏணி சாத்தி, ஊழியர் இருவர் படத்தின் சட்டத்தில் கை வைத்திருந்தார்கள். அருங்காட்சியக இயக்குநர் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லக்கா ஏணிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றார்.

"நிபுணர் முத்துன்னு எழுதியிருக்காரும்மா," என்றார் இயக்குநர்.

"முத்து வேர் விட்டு அவரு பாத்திருக்காரா சார்? இந்தாங்க, பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்தம்மாவோட இடது கன்னத்தையும் பாருங்க, உள்ள வாங்கியிருக்கு. பல்லு போன கன்னம்."

இயக்குநர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். "இருந்தாலும் புத்தகத்துல இருக்கணுமேம்மா..."

"உங்க கீழ்வரிசை முழுசும் நான் செஞ்சது. எந்தப் புத்தகத்தைப் பாத்து சார் மெல்லுறீங்க?"

இயக்குநர் வாயை மூடிக்கொண்டு தம் அறைக்குப் போய், புனிதர்களைப் பற்றிய தடித்த நூல் ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். அப்போலோனியா: விசுவாசத்துக்காகப் பற்கள் உடைக்கப்பட்டவர், பல்வலிக்காரர்களின் பாதுகாவலி, கையில் இடுக்கியும் பல்லும்.

"இவங்க இங்கேயே இருக்கட்டும். அடுத்த படத்தை எடுங்கப்பா," என்றார் தணிந்த குரலில்.

ஏணியில் நின்றவர் இறங்கி வந்து பல்லக்காவின் முன் வாயைத் திறந்தார். "அக்கா, இங்க ஒண்ணு ஆடுது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

பல்லக்கா முதலில் படம் மாட்டியிருந்த ஆணியை ஆட்டிப் பார்த்தார். பிறகு பல்லை.