அவர் ஓட்டினார், நான் ஹாரன் அடித்தேன்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நான் செங்கல்பட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அதை விட்டுவிட்டு அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

சித்திரை மாதம். அப்பாவுக்கு அன்று விடுமுறை. சும்மா இருக்கத் தெரியாத மனிதர், வீட்டுக்குப் பின்னால் குவிந்திருந்த தென்னை மட்டைகளை ஒதுக்கப் போனார். திடீரென்று கையை உதறினார். கண்ணாடி விரியன். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் அது மட்டைக்கு அடியில் போய்விட்டது. அப்பாவின் கை மட்டும் கண்ணெதிரே வீங்க ஆரம்பித்தது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போவது? அன்று திருக்கழுக்குன்றத்தில் திருவிழா. ஆட்டோ, வேன் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விட்டன. பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிற காலமும் இல்லை அது. அம்மா அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் மெயின் ரோட்டுக்கு ஓடினேன்.

இளநீர்க் கடை அருகே ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. உள்ளே ஒரு வெளிநாட்டுக்காரர், தலை முழுக்க நரை. ஸ்டியரிங் மேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் டிரைவரோடுதான் கார் எடுப்பார்கள். இவர் மட்டும் வாடகைக்கு எடுத்த காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அப்போது இங்கிலீஷ் என்றால் பரீட்சையில் எழுதத் தெரியும், பேச வராது. "ஸ்நேக்! ஃபாதர்!" என்று கத்தினேன். அதற்குள் அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள். அப்பாவின் கையைப் பார்த்ததும் அவர் வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தார். அப்பாவை அணைத்து உள்ளே உட்கார வைத்ததும் அவர்தான்.

வழி சொல்ல நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அவர் ஊரில் வலது பக்கமாகப் போவார்கள், நம் ஊரில் வண்டி ஓட்டுவது இதுதான் முதல் தடவை, காலையில் சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையிலேயே வந்ததால் சமாளித்துவிட்டார், இந்தச் சின்ன ரோடு அவருக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி வலது பக்கம் ஏறியது. "லெஃப்ட், லெஃப்ட்!" என்று நான் அலறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பிரேக் போட்டு நின்றேவிட்டார். ரோடு முழுக்க கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் தானாக மணி உதிர்ந்துவிடும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ சாப்பிடுகிற பொருள் மேல் எப்படி ஏற்றுவது என்று என்னைப் பார்த்தார். போங்கள் போங்கள் என்று நான் கையை ஆட்டினேன், அவர் அசையவில்லை. ஓரமாக முறத்தோடு நின்றிருந்த ஒரு அம்மாள் பொறுமை இழந்து கிட்டே வந்தார்.

"ஏறிப் போ நைனா! அதுக்குத்தான போட்டுகீது!"

வார்த்தை புரிந்திருக்காது, கைஜாடை புரிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, ஏதோ தப்பு செய்கிறவர் போல அதன் மேல் ஓட்டினார்.

உண்மையான சோதனை திருக்கழுக்குன்றத்தில் காத்திருந்தது. தேர் பார்க்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. பலூன்காரர், கரும்புச்சாறு வண்டி, தோளில் குழந்தையை ஏற்றிய அப்பாக்கள். இவர் அவர்கள் பின்னாலேயே வண்டியை உருட்டினார். ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. அடிங்கள் என்று நான் ஜாடை காட்டினேன். "நோ, நோ" என்று தலையை ஆட்டினார். அவர் ஊரில் ஹாரன் அடிப்பது முகத்துக்கு நேரே திட்டுவது மாதிரியாம்.

பின்னால் அப்பாவின் தலை அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தது. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா இவுரு, ஆரன் அட்ச்சா இன்னா கொறஞ்சா பூடும்? அவுராண்ட சொல்லும்மா!"

சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. கை வந்தது. எட்டி, ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹாரனை அழுத்தினேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். என் கையை விலக்கவில்லை. நான் எட்ட வசதியாகத் தன் இடது கையைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார்.

அதன்பிறகு செங்கல்பட்டு வரைக்கும் அவர் ஓட்டினார், நான் ஹாரன் அடித்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது, சிலர் திட்டினார்கள், யாரோ ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்பு கட்ச்சிக்கீதுபா, வழி வுடுங்க!" என்று முன்னால் ஓடி வழி பண்ணிக் கொடுத்தார். இவருக்கோ முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஜன்னல் பக்கம் தெரிகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து "ஸாரி, ஸாரி" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அப்பாவை உள்ளே எடுத்துக்கொண்டு போய் ஊசி போட்டார்கள். நான் வெளியே வந்து பார்த்தபோது அவர் இன்னும் கார் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை விடவில்லை, அப்படி நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் கார் ஓட்டியதற்கா இப்படி நடுங்குகிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அம்மாதான் எதிர்க் கடையில் டீ வாங்கி வந்து, அவர் கையைப் பிரித்து டம்ளரை வைத்தார். அப்பா பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லும்வரை இருந்துவிட்டுத்தான் அந்த மனிதர் போனார். பெயரைக் கேட்க வேண்டும், எந்த நாடு என்று கேட்க வேண்டும் என்று எனக்கும் அம்மாவுக்கும் தோன்றவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

சில வருடங்கள் போயின. எனக்கு சிறுசேரியில் மென்பொருள் வேலை கிடைத்தது. கேளம்பாக்கத்தில் கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கினேன். அலுவலகத்தில் என்னைச் சில மாதங்களுக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். தங்கிய இடத்துக்கும் ஆபீசுக்கும் பஸ் கிடையாது, ஆகவே ஒரு வாடகைக் கார்.

முதல் நாள், மழை. ஸ்டியரிங் இடது பக்கம். கியர் போடக் கையை நீட்டினால் கதவில் இடிக்கிறது. எல்லா வண்டியும் என் மேல் ஏறுவது போலவே வருகிறது. ஒரு சிக்னலில் பச்சை விழுந்தபோது என் கார் இஞ்சின் அணைந்துபோனது. பின்னாலிருந்து ஒரே ஒரு ஹாரன். அவ்வளவுதான். வருகிற வழியெல்லாம் நான் கேட்ட முதல் ஹாரன் அது. நடுத்தெருவில் நிற்க வைத்துத் திட்டியது போல உடம்பு கூசிப்போயிற்று. எப்படியோ வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். கையைப் பார்த்தேன். அதே நடுக்கம்.

அப்போதுதான் அந்த மனிதர் எனக்கு முழுசாகப் புரிந்தார். எனக்கு ஒன்றே தாங்கவில்லை. அவரோ முன்பின் தெரியாத என் அப்பாவுக்காக, அறியாத ரோட்டில், ஊரையே திட்டிக்கொண்டு போகிறோம் என்ற கூச்சத்தோடு ஓட்டியிருக்கிறார். கண்ணாடியில் மழை வழிய, வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "பயப்படாதம்மா. மெதுவா ஓட்டு. அவுரும் மெதுவாத்தான் ஓட்டினாரு, நான் வூடு வந்து சேரல?" என்றார்.

ஊர் திரும்பிவிட்டேன்; இப்போது தினமும் ஓ.எம்.ஆர் சாலையில்தான் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறேன். பின்னாலிருந்து யாராவது விடாமல் ஹாரன் அடித்தால், உடன் வருகிறவர்கள் எரிந்து விழுவார்கள். நான் மட்டும் ஒதுங்கி வழி விடுவேன், அந்த வண்டியின் பின் சீட்டிலும் யாருடைய அப்பாவாவது படுத்திருக்கலாம்.