நகத்தில் நீலம்

அப்பாவின் ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்த கிளிப் எண்பத்தாறு என்று காட்டியது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லும் கருவி அது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. வார்டில் மற்றவர்களுக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். எனக்கு அது தொழிலும்கூட, அதனால் பயம் இரண்டு மடங்கு.

அந்தக் கிளிப்புக்குள் இரண்டு விளக்குகள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இரண்டும் விரலை ஊடுருவி மறுபக்கம் போகும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் சிவப்பை அதிகமாக விழுங்கும். அகச்சிவப்போடு அதை ஒப்பிட்டுக் கருவி கணக்குப் போடும். இதே இரண்டு வெளிச்சத்தையும், பிளாஸ்டர் போலத் தோலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஏட்டிலிருந்து வரவழைக்கும் கரிம மூலக்கூறுகளை வடிவமைப்பதுதான் என் ஆராய்ச்சி.

பச்சை ஒளி தரும் மூலக்கூறு சொன்ன பேச்சைக் கேட்கும். சிவப்பை நோக்கிப் போகப் போக, மூலக்கூறு வாங்கிய ஆற்றலை ஒளியாகத் தராமல், உடம்பை உலுக்கிச் சூடாகவே தீர்த்துவிடும். உலுக்காதே என்று கைகாலைக் கட்டினால், தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுத்து அணைந்துபோகும். ஒட்டாமலிருக்கப் பக்கத்தில் பருத்த கிளைகள் வைக்க வேண்டும். அதிலும் அகச்சிவப்பு எரிகிறதா என்று கண் சொல்லாது, கருவியைத்தான் நம்ப வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் இருட்டில் வெளிச்சம் இருக்கிறது, எனக்கென்ன பயம் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

அது மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால்மேட்டில் படகுகள் மணலில் ஏறியிருந்தன. அப்பா எங்கள் ஃபைபர் படகைத் தேய்த்து, பிசின் பூசி, நீலம் அடித்துக்கொண்டிருந்தார். இருமலைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தார். அன்று காலை மூச்சு வாங்கி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று அம்மா போன் செய்தாள். நான் ஆய்வகத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"ஆக்சிஜன் வச்சும் ஏற மாட்டேங்குது. இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்றார் நர்ஸ்.

அப்போதுதான் விரல்களைப் பார்த்தேன். பத்து நகத்திலும் படகு நீலம். நீலச் சாயம் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும். ரத்தம்தான் விழுங்குகிறது என்று கருவி ஏமாந்துபோகும், எண்ணைக் குறைத்துக் காட்டும். எனக்கு உயிர் திரும்பி வந்தது. நர்ஸிடம் சொன்னேன். அவர் ஸ்பிரிட்டில் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. "நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

எதிரே இருந்த ஃபேன்சி கடைக்கு நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். நீலம் நகத்தில் இருக்கும்வரை அந்த எண் பொய்யாக இருக்கலாம். துடைத்துவிட்டால் அதுவும் இல்லை. கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்த பிறகும் வேறு பாட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தால் அப்பா விரலை மடக்கிக்கொண்டார். படகு தண்ணீரில் இறங்கும்வரை நகத்துச் சாயத்தை எடுக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான், மண்ணெண்ணெயை எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே அலைவாள்.

"படவு எறங்கட்டும்மா, அப்பறம் தொடைக்கலாம்" என்றார் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து.

"சாயம் இருந்தா வெளக்கு தப்பாச் சொல்லும்ப்பா. ஒரே ஒரு வெரல் குடுங்க."

விளக்கு என்றதும் விரலை நீட்டினார். நான் செய்வதும் இப்படி ஒரு விளக்குதான் என்று எப்போதோ ஒரு கிளிப்பைக் காட்டிச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து இந்தக் கிளிப்பே என் கைவேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். நீலம் கரைந்தது. அடியில் நகம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே துடைத்தேன். அங்கேயும் ஒரு மங்கிய நீலம் இருந்தது, ஆக்சிஜன் போதாத ரத்தத்தின் நீலம், அது பஞ்சில் ஒட்டவில்லை.

கிளிப்பை மாட்டினேன். எண்பத்தாறு. பிறகு எண்பத்தேழு. அங்கேயே நின்றது. நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார்.

"இப்ப சரியாச் சொல்லுதாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"சரியாத்தான் சொல்லுதுப்பா" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நீ செஞ்சதாச்சே" என்றார்.