பதினாலு புள்ளி

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, எங்கள் உறவில் ஒரு மாப்பிள்ளைக்கு. முப்பத்தைந்து வயது, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். வலது கை ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தது, இடது கை செல்போனை. திடீரென்று "சே!" என்றார். அப்பளம் நமுத்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"என் கேப்டன் டக் அவுட்டு மாமா. டபுள் பாயிண்ட் மொத்தமும் போச்சு."

கேட்டால் விளக்குகிறார். யாரோ எங்கேயோ ஆடுகிற ஆட்டத்திலிருந்து இவர் பதினோரு பேரைப் பொறுக்கித் தனக்கென்று ஒரு கற்பனை அணி சேர்த்துக்கொள்வாராம். அவர்கள் வெயிலில் ஓடினால் இவருக்குப் புள்ளி. ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து லீக் நடத்துகிறார்களாம். பாயசம் வருவதற்குள் அந்த ஆட்டக்காரனுக்கே இடது கட்டைவிரலால் ஏதோ எழுதி அனுப்பிவிட்டார். "வேற பொழைப்பைப் பாருடான்னு போட்டிருக்கேன். அவனே படிப்பான் மாமா." மண்டபத்தின் மாடிப்படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கிய மனிதர் இவர்.

எனக்கு வந்த இளக்காரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோர் சாதம் வரைக்கும் அது நீடித்தது. கை கழுவும் இடத்தில்தான் கரைந்தது. ஏனென்றால் இந்த மகா கண்டுபிடிப்பை எழுபதுகளின் கடைசியிலேயே, இதே ஸ்ரீரங்கத்தில், செல்போனும் இல்லாமல் கம்ப்யூட்டரும் இல்லாமல் நடத்திய ஒரு கூட்டத்துக்குச் செயலாளராக இருந்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஊர் முசிறி. திருச்சியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. உத்திர வீதியில் ஒரு வீட்டு மாடியில் வாடகை அறை. அந்த அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் லீக் கூடும். லீக் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், மொத்தம் மூன்று பேர். நான், சம்பத், சேவியர்.

சம்பத் ஸ்ரீரங்கத்துக்காரன், கோயில் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓர் ஆட்டக்காரரின் சராசரியை மூன்று தசம ஸ்தானம் வரைக்கும் சொல்வான். தெருவில் ரப்பர் பந்து உருண்டு வந்தால் வேஷ்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவான். சேவியர் பாலக்கரை, ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளன். சட்டையில் எப்போதும் ஆசிட் பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி வருவான். அதிகம் பேசமாட்டான். என்னைப் பற்றி என்ன சொல்ல? மூன்று பேரிலும் கிரிக்கெட் மட்டையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது. ஆனால் நாங்கள் நீக்கிய தேர்வுக்குழுத் தலைவர்கள் எத்தனை பேர்! மாற்றிய கேப்டன்கள் எத்தனை பேர்!

மாநில அணிகள் மோதும் பருவம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கம் எழுதி, சுருட்டி, ஓர் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்குவோம். ஆளுக்குப் பதினொன்று. அந்த டம்ளர்தான் கோப்பையும். பெரிய கடைவீதியில் வாங்கி, 'காவேரிக் கோப்பை' என்று வெட்டித் தரச் சொன்னோம். வெட்டியவர் 'காவேரிக் கேப்பை' என்று வெட்டிவிட்டார். மூன்று வருடம் கேழ்வரகுக்காகத்தான் அடித்துக்கொண்டோம்.

ஓட்டத்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருபது, கேட்சுக்குப் பத்து. விக்கெட் எடுக்காமல் ஓட்டம் மட்டும் கொடுக்கும் பந்துவீச்சாளருக்கு, கொடுத்த ஒவ்வொரு எட்டு ஓட்டத்துக்கும் ஒரு புள்ளி கழிப்பு. இந்தக் கழிப்பு விதி என்னுடைய மூளையில் உதித்தது. மறுநாள் பேப்பரில் கடுகளவு எழுத்தில் வரும் ஸ்கோரை வெட்டி, மைதாப் பசை தடவி, நீளமான நோட்டில் ஒட்டி, பக்கத்தில் என் மணியான கையெழுத்தில் புள்ளி போடுவேன். அந்தப் பசையின் புளித்த வாசனைக்கு வீட்டிலிருந்த அத்தனை கரப்பான்பூச்சியும் என் அறைக்குக் குடிவந்தன. வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆபீஸ் வேலைங்களா?" என்று கேட்பார். "ஆமாங்க" என்பேன், கொஞ்சமும் கூசாமல்.

மூன்றாம் வருடம் குலுக்கலில் எனக்கு ஒரு புதுப் பெயர் விழுந்தது: தனபால். உள்ளூர்க்காரர். பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டர். வேகப் பந்துவீச்சாளர், அந்த வருடம்தான் மாநில அணிக்கு எடுத்திருந்தார்கள். அவர் ஏதோ என் சிபாரிசில் போனது போல ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். முதல் ஆட்டத்தில் மூன்று விக்கெட் எடுத்தார். எடுத்தது நான்தான் என்ற நடையோடு இரண்டு நாள் திரிந்தேன்.

பருவத்தின் கடைசி ஆட்டம். நான் முன்னால், சம்பத் பின்னால், இடைவெளி ஐந்து புள்ளி. காலையில் பேப்பரைப் பிரித்தேன். தனபால் கொடுத்தது நூற்றுப் பன்னிரண்டு ஓட்டம். விக்கெட் இல்லை. நூற்றுப் பன்னிரண்டை எட்டால் வகுத்தால் பதினாலு. நானே போட்ட விதி! மற்றவர்கள் எடுத்ததையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகு ஒன்பது புள்ளியில் கேப்பை சம்பத் வீட்டுக்குப் போனது. "கணக்குன்னா கணக்குடா. அழப்படாது" என்று சொல்லி, டம்ளரை மேல்துண்டில் துடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மதிய இடைவேளையில் தபாலாபீஸ் போய் ஓர் அஞ்சலட்டை வாங்கினேன். நின்றபடியே எழுதினேன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை: 'நட்டு போல்ட்டு முடுக்கத்தான் நீ லாயக்கு. உன்னால் எனக்குப் பதினாலு புள்ளி போச்சு. பந்தைக் கீழே வைத்துவிட்டுச் சம்மட்டியை எடு. இப்படிக்கு, ஒரு ரசிகன்.' பட்டறையின் பெயர் போட்டு, அவர் பெயர் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாப்பாடு அன்று நன்றாக இறங்கியது. இதைச் சொல்வதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு ஞாயிறு கழித்து சேவியர் ஓர் ஆளோடு மாடியேறி வந்தான். உயரமான ஆள், சலவைச் சட்டை, நடுவிரலில் பிளாஸ்திரி. வாசலிலேயே செருப்பை விட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

"இவர்தான் தனபால். எங்க சித்தப்பா இருக்கற தெருக்காரரு" என்றான் சேவியர். என்னைப் பார்க்கவில்லை.

சம்பத் எழுந்தே விட்டான். "வாங்கோ, வாங்கோ! உட்காருங்கோ." இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடம் காபி சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி ஏறும்போது ஒரு படி தவறியது.

அவர் காபியைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார். "எனக்கு ஒரு கார்டு வந்துதுங்க. அதுல பதினாலு புள்ளி போச்சுன்னு எழுதியிருந்துது. என்ன புள்ளின்னு எங்க யாருக்கும் புரியலை. சேவியர் அண்ணனைக் கேட்டேன். இங்க வந்தா தெரியும்னாரு."

சம்பத் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். வாத்தியார் அல்லவா, சம்பத் உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினான். தனபால் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் பெயர் இருந்த பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிளாஸ்திரிக்கு மேல் விரல் வெடித்துக் கறுத்திருந்தது. நிதானமாகப் படித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

"என் பந்துல ரெண்டு கேட்சை விட்டாங்க. ரெண்டும் ஸ்லிப்புல. அதுக்கு இதுல எடம் இல்லீங்களா?"

"பேப்பர்ல அதெல்லாம் போட மாட்டாளே" என்றான் சம்பத்.

"ஆமா, போட மாட்டாங்க" என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு, "கார்டு திறந்த கார்டுங்களா, பட்டறை ஷாப்புல எல்லாரும் படிச்சுட்டாங்க. அப்பாவுக்கும் அதே ஷாப்புதான். அவர் கையிலதான் குடுத்திருக்காங்க. அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துல இருந்தவரை விட்டுச் சத்தமாப் படிக்கச் சொல்லியிருக்காரு. யாரோ பாராட்டி எழுதியிருக்காங்கன்னு நெனச்சுட்டாரு" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "யாரோ வேலையத்த பய எழுதியிருப்பான். அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

தனபால் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "சரிங்க. போயிட்டு வரேன்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை சேவியர் ஜன்னலோரம் நின்றான். பிறகு திரும்பினான். "உன் கையெழுத்து ஊருக்கே தெரியும்டா. நோட்டைப் பிரிச்சதுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் கூட்டிட்டு வந்தது அவருக்காக இல்ல, உனக்காக. ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன்." அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஒரு வாரம் ஆபீஸில் எந்தக் கோப்பைப் பிரித்தாலும் என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் பொன்மலை போனேன். பட்டறைச் சங்கு ஊதி, சைக்கிள்கள் சாரிசாரியாக வெளியே வந்து ஓய்ந்திருந்தன. மைதானத்தில் ஏழெட்டுப் பேர் பயிற்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். தனபால் என்னைப் பார்த்ததும் பந்தைச் சட்டையில் துடைத்தபடி வந்தார்.

"ஆடுறீங்களா? ஒரு ஓவர்தான். வாங்க."

மறுக்கத் தெரியவில்லை. யாரோ காலில் பேடு கட்டிவிட்டார்கள். ஆபீஸ் பேன்ட்டோடு போய் நின்றேன். முதல் பந்தை நான் பார்க்கவில்லை, விர்ரென்ற சத்தம் மட்டும் காதோரம் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தொடையில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான்காவதற்கு மட்டையைத் தூக்கும் முன் பின்னால் ஸ்டம்ப் விழுந்திருந்தது. மீதி இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஆளுக்கு வேகம் போதாது என்று அதே மாதம் ஆபீஸ் கேன்டீனில் அரை மணி நேரம் சொற்பொழிவாற்றியவன் நான்.

பேடுகளைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "அந்தக் கார்டு நான்தான் எழுதினேன்."

"தெரியுங்க."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"உங்க எடத்துல வந்து உக்காந்துக்கிட்டு எப்படிங்க கேக்கறது? காப்பி வேற குடுத்தீங்க." பந்தைக் கைமாற்றி உருட்டினார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இந்த வருஷம் எடுத்தாங்க, அடுத்த வருஷம் விட்டுடுவாங்க. அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தினமும் ஷிஃப்டு முடிஞ்சா இங்கதான் வந்து உக்காருவாரு. கார்டு வந்ததுலேருந்து வரலை. வீடு பக்கத்துலதான், வாங்களேன்."

"இன்னிக்கு நேரமாயிடுச்சு. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்" என்றேன்.

அடுத்த வாரம் தொடை வலி. அதற்கடுத்த வாரம் முசிறியில் ஒரு கிரகப்பிரவேசம். பிறகு பொங்கல். முகம் தெரியாதவரைத் திட்ட நாலு வரி அட்டை போதுமாக இருந்தது. முகம் தெரியாத இன்னொருவர் முன்னால் போய் நிற்கத்தான் எனக்கு வருடத்தில் ஒரு நாள் கிடைக்கவில்லை. தனபால் சொன்னபடியே அவரை அடுத்த பருவத்தில் எடுக்கவில்லை. மாற்றலில் வடக்கே எங்கோ போய்விட்டதாகச் சேவியரின் சித்தப்பா யாரிடமோ சொன்னாராம். சேவியர் லீக்குக்கு வருவதை நிறுத்திவிட்டான். நானும் சம்பத்தும் வெட்கமில்லாமல் இன்னொரு வருடம் இரண்டே பேராக நடத்தினோம். பிறகு எனக்கும் மாற்றல் வந்தது. அறையைக் காலி செய்யும்போது நோட்டைக் கரப்பான்களுக்கே விட்டுவிட்டு வந்தேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் ஓர் ஆட்டோ பிடித்துப் பொன்மலை போனேன். மைதானம் இருந்த பக்கம் சுற்றுச்சுவர் எழும்பியிருக்கிறது. அதை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டு வரிசைகளில் பாதிக்கு மேல் இல்லை. இடித்த இடத்தில் சீமைக்கருவை. வேப்பமரங்கள் மட்டும் வரிசை கலையாமல் நிற்கின்றன, ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்றாக. காவலுக்கு இருந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"தனபால்னு ஒருத்தர். ரொம்ப வருஷம் முன்னாடி இருந்தாங்க. அவரைக்கூட இல்ல, அவங்க அப்பாவைத்தான்."

அந்த அப்பா இப்போது உயிரோடு இருக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காவல்காரர் யோசித்தார். "ரிட்டயர் ஆன பெருசுங்க ரெண்டு பேரு சாயங்காலம் டீக்கடைக்கு வருவாங்க. கேட்டுப் பாக்கறேன். அப்பா பேரு என்ன சார்?"

பேப்பரில் அச்சான ஸ்கோரில் 'ஜி. தனபால்' என்றுதான் இருக்கும். நானும் அப்படித்தான் நோட்டில் எழுதினேன், அட்டையிலும் அப்படித்தான். அந்த ஜி கணேசனா, கோவிந்தசாமியா, குருசாமியா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். காவல்காரர் பதிலுக்காகக் காத்து நின்றார்.

"தெரியலைங்க" என்றேன்.