வீடியோவில் இல்லாத டிஷ்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பரமேஸ்வரன் அண்ணையின் தெருவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அவ்வளவு புனிதம். பழமை குலையாமல் காக்க வேண்டிய தெரு என்று கவுன்சில் அறிவித்த இடம் அது. அனுமதி இல்லாமல் வீட்டின் முன்சுவரில் டிவி டிஷ் பூட்டக்கூடாது. பெற்றோல் நிலையம் நடத்தி ஓய்ந்த அண்ணைக்கு இந்தச் சட்டம் பட்டம் கிடைத்த மாதிரி. கனடாச் சொந்தங்களிடம், "எங்கட தெருவில ஒரு ஆணி அடிக்கேலாது, தெரியுமோ?" என்பார்.

அப்படிப்பட்டவரின் டிஷ் பல வருடங்களாக முன்சுவரில்தான் தொங்கியது. கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிய வீடு. தமிழ்ச் சானல் வருகிற செய்மதியும் தென்கிழக்கில். வேறெங்கே பூட்டுவது? எதிர்வீட்டுக்காரனான என் கண்ணில் தினமும் படுகிற அந்த டிஷ் அவர் கண்ணில் மட்டும் பட்டதே இல்லை.

ஜெர்மனியில் இருந்து வந்து அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியேறிய சற்குணத்துக்குத் தொழிலே டிஷ் பூட்டுவது. தன் முன்சுவரிலும் ஒன்று பூட்டினான். அண்ணைக்குப் பொறுக்கவில்லை. கவுன்சிலுக்கு முறைப்பாடு போனது. சற்குணம் மறுபேச்சில்லாமல் கழற்றினான். அவன் மனைவி குமுதினி பார்த்துவந்த நாடகம் கலியாணக் கட்டத்தில் நின்றுபோனது. அண்ணையோ, "சட்டம் எண்டால் சட்டம்தானே" என்று சொல்லித் திரிந்தார்.

கழற்றியாயிற்றா என்று பார்க்க வந்த கவுன்சில் அதிகாரி, பக்கத்துச் சுவரையும் நிமிர்ந்து பார்த்தாள். சட்டம் சொல்லும் காலத்துக்கு மேலாக டிஷ் அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் விட்டுவிடலாம், இல்லையென்றால் கழற்றத்தான் வேண்டும் என்றாள். டிஷ் போனால் போகட்டும், சற்குணத்தின் கண்முன்னே கழற்றுவதா? அண்ணைக்கு வியர்த்தது. பிறகு முகம் மலர்ந்தது. மகள் சயந்தினியின் சாமத்திய வீட்டு வீடியோ இருக்கிறதே! பெரியபிள்ளையான அந்தச் சிறுமி இப்போது வேலைக்குப் போகிறாள். வீட்டு வாசலில் குதிரை வண்டி வந்து நிற்க, கமெரா வீட்டை மேலும் கீழுமாகத் தடவி எடுத்த வீடியோ.

அதிகாரி சோபாவில் அமர்ந்தாள். பலகாரத்துக்காக நானும் போய் உட்கார்ந்தேன். படம் ஓடியது. குதிரை வந்தது. வீடு வந்தது. சுவர் வந்தது. டிஷ் வரவில்லை.

"நீங்கள்தானே வீடியோக்காரனிட்டச் சொல்லி அழிப்பிச்சனீங்கள்?" என்றாள் கமலாம்பிகை அண்ணி, முறுக்குத் தட்டை நீட்டியபடி. "தகரம் தொங்குறதைக் கனடாக்காரர் பாத்தால் மதிக்கமாட்டினம் எண்டு?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வெறுஞ்சுவர் தெரிந்தது. ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, கழற்றச் சொல்லிவிட்டுப் போனாள்.

டிஷ்ஷைக் கழற்றத் தூரத்தில் இருந்து யாரையாவது கூப்பிட அண்ணை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணி மதிலுக்கு மேலால் சற்குணத்தைக் கூப்பிட்டுவிட்டாள். நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ஏணியைச் சாத்திவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டான்:

"அண்ணை, கழட்டவோ? இல்லாட்டி அந்த வீடியோக்காரனைக் கூப்பிட்டு அழிப்பமோ?"