அருவிக்கரையில் ஒரு கையெழுத்து

தென்காசியில் அனுசியா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். தூரத்தில் பார்த்ததுமே சந்துக்குள் திரும்பிவிடுகிறவர்களை இருபது வருடமாகத் தேடிப் பிடித்தவர். அவர் கதை எழுதுவார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அவருடைய ஒரே தொகுப்பைப் போட்ட குமரகுரு அண்ணாச்சியின் பதிப்பகம் நொடித்துப்போனது. ராயல்டி தர முடியாத வெட்கத்தில் அண்ணாச்சி எழுத்தாளர்கள் யாருடைய போனையும் எடுப்பதில்லை. என் கவிதைகளும் அங்கேதான் வந்தன. நான் ராயல்டி கேட்டதே இல்லை. அக்காவுக்கோ வேறு பதிப்பகம் கிடைத்திருந்தது. அண்ணாச்சி உரிமையைத் திருப்பி எழுதித் தந்தால்தான் புத்தகம் மறுபடி வரும்.

சாரல் விழுந்த ஒரு காலையில் குற்றாலத்தில் நானும் அக்காவும் அவரைப் பார்த்துவிட்டோம். அவரும் பார்த்தார். விறுவிறுவென்று ஆண்கள் குளிக்கும் பக்கம் போய் அருவிக்குள் நின்றுகொண்டார்.

"நிக்கட்டும். எவ்வளவு நேரம் நிப்பாவ?" என்று அக்கா படியில் உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அண்ணாச்சி நடுங்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"அனுசியா, சத்தியமா கையில பைசா இல்லம்மா."

"பைசாவ யாரு கேட்டா அண்ணாச்சி? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்." அக்கா பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இதுக்கா ரெண்டு வருசமா போன் அடிச்சே?" கையெழுத்துப் போட்டார். "அப்போ ராயல்டி?"

"அதைக் கேட்டா திரும்பவும் அருவிக்குள்ள போயிருவியள்லா?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கும் ஒண்ணு எழுதிட்டு வாலே. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."