மாமாவுக்குப் பெண் பார்த்த காலைச் செய்தி

இப்போது நான் வேலை பார்க்கும் கொழும்பு அலுவலகத்தில் அடிக்கடி யாராவது வந்து, வியாபாரத்தை வளர்ப்பது எப்படி என்று வகுப்பெடுப்பார்கள். வாடிக்கையாளருக்கு முதலில் பயனுள்ள ஒன்றைக் கொடுங்கள், விற்பனை பின்னால் வரும் என்பார்கள். எல்லோரும் மும்முரமாகக் குறிப்பெடுக்க, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பாடத்தை நான் ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன். அதனால் எங்கள் மாமா பட்ட பாட்டையும் பார்த்துவிட்டேன்.

அப்பா மலையகத்தில், நோர்வூட் கடைத்தெருவில் ஆட்டோ ஓட்டினார். கூச்ச சுபாவம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் பையைப் பிடுங்காத குறையாக மற்றவர்கள் கூப்பிடும்போது, அப்பா ஒதுங்கி நின்று ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆட்டோக்கள் பெருகப் பெருக அவருடைய ஆட்டோ பகலெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது. அதை விற்றுவிட்டுக் கொழும்பில் ஏதாவது கடைக்கு வேலைக்குப் போய்விடலாம் என்ற பேச்சு வீட்டில் தொடங்கியிருந்தது. அப்பா இல்லாத எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை நினைத்து நான் போர்வைக்குள் அழுததுண்டு.

அப்போதுதான் மாமா அவதாரம் எடுத்தார். அம்மாவின் தம்பியான அவருக்கு ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை. வியாபார வளர்ச்சி பற்றி நடந்த ஒரு வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து அவருடைய பேச்சே மாறிவிட்டது. முதலில் அவர் கையில் எடுத்தது நேரத்தை வீணாக்காமல் உழைக்கும் பாடம். அதிகாலையில் எழ வேண்டும், கஷ்டமான வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்று அடுப்படியில் நின்று விளக்கினார். அம்மா மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"தம்பி, கருக்கல்ல எந்திரிச்சு தண்ணி புடிக்கிறேன், ரொட்டி சுடுறேன், புள்ளய ஸ்கூலுக்கு அனுப்புறேன், மலைக்குப் போயி கொழுந்து எடுக்கிறேன். இதுல எது கஷ்டமான வேலைன்னு ஒங்க வகுப்புல சொன்னாங்களா?"

மாமா அந்தப் பாடத்தை அத்துடன் கைவிட்டு அப்பாவிடம் வந்தார்.

"மச்சான், நீங்க ஹயருக்கு ஆளக் கூப்பிடவே வேணாம். சனங்களுக்குப் பிரயோசனமா எதாச்சும் மொதல்ல குடுங்க. ஹயர் தானா வரும்."

கொடுக்க அப்பாவிடம் என்ன இருந்தது? பாதை இருந்தது. விடிவதற்கு முன்பே பொகவந்தலாவைக்கு மரக்கறி ஏற்றிப் போய்த் திரும்புகிறவருக்கு, எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எந்த பஸ் பழுதாகி நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். மாமா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். ஆட்டோவில் ஏறியவர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். தினமும் காலையில் அதில் ஒரு குரல்பதிவு போடுவதாகத் திட்டம். அப்பாவைப் பேசவைத்தால் தொண்டையைச் செருமும் சத்தம் மட்டுமே பதிவானது. ஆகவே அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

"வணக்கம்ங்க. நோர்வூட்ல மூடுபனி. பொகவந்தலாவ ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்கு, ஒரு பக்கமாத்தான் போகலாம். டிக்கோயா ஆஸ்பத்திரியில இன்னைக்குக் கண் கிளினிக் இருக்குங்க. ஆட்டோ வேணும்னா எங்க அப்பாவுக்குப் போன் பண்ணுங்க."

கண் கிளினிக்குக்குப் போகிறவர்கள் போன் பண்ணினார்கள். பஸ் வராது என்று தெரிந்த டீச்சர்மார் போன் பண்ணினார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி துடைக்க நேரமில்லாமல் போனது. கொழும்புப் பேச்சும் நின்றுபோனது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வெறும் தகவல் பத்தாது புள்ள. நம்ம வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லணும். அப்பத்தான் சனங்க நம்மளச் சொந்தமா நெனைப்பாங்க" என்று எனக்கு மேற்படிப்பும் சொல்லிக்கொடுத்தார். நான் சிரத்தையாகக் கடைப்பிடித்தேன். எங்கள் நாய் குட்டி போட்டதையும் அம்மா ரொட்டியைக் கருக்கியதையும் பள்ளத்தாக்கு முழுவதும் அறிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கோயாவில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடானது. ஏற்கெனவே வந்த இடங்கள் யாரோ சொன்ன பேச்சால் தட்டிப்போயிருந்தன. அதனால் இந்த முறை வெளியே மூச்சு விடக்கூடாது என்று பெரியவர்கள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆட்டோ வராவிட்டால் சனங்கள் காத்திருப்பார்களே என்பதுதான் என் கவலை.

"இன்னைக்கு ஆட்டோ வராதுங்க. எங்க மாமாவுக்குப் பொண்ணு பாக்க டிக்கோயாவுக்குப் போறோம். மாமா தலைக்கு டை அடிச்சிருக்காரு. காதுலயும் பட்டிருச்சு."

நாங்கள் புறப்பட்டபோது கடைத்தெருவே கையசைத்தது. அப்பாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று மாமா பூரித்துப்போனார். பழக்கடை அம்மா ஓடிவந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் மடியில் வைத்தாள். எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி டிரைவர் தலையை நீட்டினார். "மாப்புள, காதத் தொடச்சிட்டுப் போங்க!" பஸ்ஸே சிரித்தது.

அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"மச்சான், வண்டியத் திருப்புங்க."

அதுவரை யாரையும் மறுத்துப் பேசாத அப்பா, "பாதி வழியில எறக்கிவிடுற பழக்கம் எனக்கு இல்ல" என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார்.

பெண் வீட்டுப் படியேறும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்தால், அது என் குரல். "காதுலயும் பட்டிருச்சு" என்ற இடத்தில் நாங்கள் உள்ளே நுழைந்தோம். பெண்ணின் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். பெரிய மீசை.

"இதப் பேசுனது யாரு?"

நான் அம்மாவின் சேலைக்குள் மறைந்தேன். அவர் மாமாவின் காதை உற்றுப் பார்த்தார். பிறகு மீசை துடிக்கச் சிரிக்கத் தொடங்கினார். "ரோட்டுல மரம் விழுந்தாலும் சொல்றீங்க, மாப்புள டை அடிச்சாலும் சொல்றீங்க. இதுக்கு மேல நா எங்கங்க போயி விசாரிக்கிறது?" என்றார். மாமாவும் சிரித்தார். வாழைப்பழச் சீப்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

நாங்கள் பார்க்க வந்த அக்கா, டிக்கோயாவில் தையல் கடை வைத்திருந்தவர், தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒவ்வொருவரிடமும் எத்தனை கரண்டி சீனி என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். மாமாவிடம் மட்டும் கேட்கவில்லை. சீனியே போடாமல் நீட்டினார். மாமா எப்போதும் அப்படித்தான் குடிப்பார்.

திரும்பி வரும் வழியில், அது அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று நான் சத்தமாகக் கேட்டேன். மாமா வெளியே தேயிலை மலையைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். அப்பா இருமினார். நானே யோசித்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் கேட்கும் முன்பே அவர் விருப்பத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதும் மாமா படித்துவந்த பாடம்தான். அப்படியென்றால் அந்த அக்காவும் அதே வகுப்புக்குப் போயிருப்பார் என்று முடிவு செய்து, நிம்மதியாக ஒரு வாழைப்பழத்தை உரித்தேன்.

நான் நினைத்தது எவ்வளவு சரி, அவர்கள் இருவரும் பழகியதே அந்த வகுப்பில்தான் என்பது எனக்குத் தெரியவர இன்னும் பல வருஷங்கள் ஆயின.