சாக்கு சொல்லாத இரண்டு நாள்: வில்லியனூரும் பாகூரும்

போன பங்குனியில் நானும் என் மனைவி சாந்தியும் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு சனி ஞாயிறு வில்லியனூரையும் பாகூரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். ரயில், பஸ், ஆட்டோ, சாப்பாடு, தங்கியது எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. புதுச்சேரி என்றாலே கடற்கரைச் சாலை, ஆளுக்கு ஐந்தாயிரம் என்று பயந்துகொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தொழிலைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. விழுப்புரத்தில் பழைய சாக்கு வியாபாரம். ஆலைகளிலும் குடோன்களிலும் காலியான சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, தரம் பிரித்து விவசாயிகளுக்கு விற்பது. சைக்கிள் கேரியரில் இருபது சாக்கோடு ஆரம்பித்தவன், இன்று சொந்தக் கிடங்கு வைத்திருக்கிறேன். வில்லியனூருக்குப் போகிற வழியில் இருக்கும் திருபுவனை தொழிற்பேட்டைக்கு வாரம் இரண்டு முறை போவேன். அங்கே எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைகளின் பின்வாசல் மட்டும்தான். அதைத் தாண்டி ஒரு ஊர் இருக்கிறது என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சாந்தி கிடங்கில் என்னோடு சரிசமமாக உழைப்பவள். சாக்கு உதறும் தூசு எப்படிப்பட்டது என்று உதறியவர்களுக்குத்தான் தெரியும். பல வருஷமாக அவளுக்கு வறட்டு இருமல். வாரத்தில் ஒரு நாளாவது தூசிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மூடலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அறுவடை நேரம், லோடு வருது, ஆள் வரலை. “நீங்க விக்கிறதும் சாக்கு, சொல்றதும் சாக்கு” என்பாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு நிபந்தனை போட்டாள். “ரெண்டு நாளைக்கு சாக்குங்கற வார்த்தையே உங்க வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழம கடைய மூடணும். வரலன்னா இனிமே நான் ஞாயிறப் பத்திப் பேசவே மாட்டேன்.”

சரி என்றேன். ஊரையே பேச்சில் சமாளிக்கிறவனுக்கு ஒரு வார்த்தையை அடக்குவது பெரிய காரியமா?

சனிக்கிழமை காலை எட்டு ஐந்துக்கு விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில். ஆளுக்குப் பத்து ரூபாய். முக்கால் மணி நேரத்தில் வில்லியனூர். (ரயில் நேரம் அடிக்கடி மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.) புதுச்சேரி நகரத்துக்குள் சனி ஞாயிறு அறை வாடகை இரட்டிப்பாகிவிடும். நாங்கள் வில்லியனூரிலேயே ஒரு சாதாரண லாட்ஜில் எழுநூறு ரூபாய்க்குத் தங்கினோம். ஃபேன் ஓடும், தண்ணீர் வரும், மெத்தையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

திருக்காமீசுவரர் கோயிலுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கிரேன் கிடையாது, லாரி கிடையாது, அந்தக் கல்லையெல்லாம் எப்படி மேலே ஏற்றியிருப்பார்கள்? ஒரு லோடு இறக்கவே நாலு ஆளைக் கெஞ்சுகிறவன் நான். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் மாதா கோயில். அங்கேயும் ஒரு குளம், அங்கேயும் படிக்கட்டு, அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற சனம். தவக்காலம் என்பதால் புதுச்சேரியிலிருந்து நடந்தே வந்தவர்கள் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பூ வைத்த ஒரு அம்மா இரண்டு கோயில் பிரசாதத்தையும் ஒரே கூடையில் வைத்திருந்தார். சாந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை திருக்காஞ்சி, சங்கராபரணி ஆற்றங்கரை. ஆட்டோ டிரைவர் போக வர இருநூறு கேட்டார். நான் நூற்றிருபது என்றேன்.

“இன்னா சார் நீங்க? பாண்டிக்கு வர்றவங்க சரக்குக்கு ஆயிரம் குடுப்பாங்க, ஆட்டோவுக்கு அம்பது ரூபா கொறைப்பாங்க” என்றார்.

“நான் குடிக்கிறதில்லபா.”

“அப்ப அந்த ஆயிரம் மிச்சம்தானே, எனக்கு எறநூறு குடு சார்.”

சாந்தி சிரித்த சிரிப்பில் நூற்றைம்பதுக்கு முடிந்தது. போகிற வழியில் அவரே சொன்னார்: “காசிய விட வீசம் அதிகம் சார் இந்த எடம்.” வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. காசியையே நிறுத்துப் பார்த்து, அதற்கு மேல் ஒரு வீசம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் யாராக இருந்தாலும் என்னைப் போல ஒரு வியாபாரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் படித்துறையில் உட்கார்ந்து, சூரியன் இறங்கி ஆறு முழுக்கச் செம்பாக மாறியதைப் பார்த்த பிறகு, வீசம் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு என்று பட்டது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். செல்போன் இரண்டு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை.

ஞாயிறு அதிகாலை ஐந்தேகாலுக்கு அறையைக் காலி செய்துவிட்டு, வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பஸ் நிலையம் (ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய்), அங்கிருந்து பாகூர் (இருபது ரூபாய்). ஆறே முக்காலுக்கு ஏரிக்கரை மேல் நின்றோம்.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பங்குனியில் ஏரி பாதி வற்றி, மிச்சத் தண்ணீரில் மீன்கள் நெருங்கிக் கிடக்கும். அதற்காக வந்த பறவைகள்! கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பேர் தெரியாத வாத்துகள். தண்ணீரே தெரியவில்லை. கரையில் மாடு ஓட்டி வந்த ஒருவர் கனைத்தார். அவ்வளவுதான், ஏரியே எழுந்து நின்றது போல மொத்தமும் மேலே கிளம்பியது. இறக்கைச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. தலைக்கு மேல் வானம் மூடி, மறுபடி திறந்தது.

ஒரு குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை உருப்படி என்று சொல்வேன். பத்துக்கு மேல் தப்பாது. அதுதான் எனக்குச் சோறு போட்ட வித்தை. சாந்தி கேட்டாள்: “சொல்லுங்க பாப்போம், எத்தினி இருக்கும்?”

பார்த்தேன். மறுபடி பார்த்தேன். “தெரியலடி” என்றேன். அப்படிச் சொல்ல வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மூலநாதர் கோயில். ஏரியிலிருந்து நடக்கிற தூரம்தான், இதற்கும் கட்டணம் இல்லை. பெரிய கோயில் அல்ல. சுவர் முழுக்கக் கல்வெட்டு. விரலால் தடவிப் பார்த்தால் எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது. என் கடை போர்டில் பெயிண்ட் மூன்று வருஷம் நிற்பதில்லை.

பத்தரைக்குத் திரும்பும்போது, வாய்க்கால் ஓரத்தில் நுங்கு விற்றார்கள். அறுபது ரூபாய்க்கு வாங்கி மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். எதிரே தார்ச்சாலை ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தது. தனலட்சுமி என்று ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், கிழிந்த உரப் பைகளில் நெல்லை வாரிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வாரினால் மறுபக்கம் கொட்டியது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போனேன்.

“ஏம்மா, இதுல போயி புடிக்கிறீங்க?”

“வேற இன்னாண்ணே பண்றது? கோணி எடுத்தாறேன்னு சொன்ன ஆளு காலையிலருந்து தோ வரேன், தோ வரேன்னு சொல்லிக்கினு கீறாரு. மேக்கால பாருங்க, மேகம் கட்டிக்கினு வருது. நனைஞ்சா ஆறு மாசப் பாடு மொளச்சிப்பூடும்.”

மேற்கே உண்மையிலேயே கறுத்திருந்தது. எனக்கு மூளையில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் ஓடியது. ஒன்று, சனிக்கிழமை ஏற்றிய லோடோடு திருபுவனையில் நின்றுகொண்டிருக்கிற என் வண்டி. இன்னொன்று, இந்த அம்மா சொன்ன வார்த்தை. கோணி! பொருள் அதேதான், வார்த்தை வேறு. சாந்தியின் நிபந்தனையில் கோணி இல்லையே!

“கோணி எத்தினி வேணும்?” என்றேன். பக்கத்துக் களத்துக்காரர்களும் சேர்ந்துகொள்ள, இருநூறு என்று ஆனது. உருப்படி முப்பது ரூபாய், நல்ல கோணி, வண்டி வாடகை என் பொறுப்பு. போன் போட்டேன். மதியம் ஒரு மணிக்குள் வந்துவிடும் என்றான் டிரைவர்.

மதகுக் கட்டைக்குத் திரும்பினேன். நடையிலேயே சாந்திக்குத் தெரிந்துவிட்டது.

“முடிஞ்சிதா யாவாரம்?”

“முடிஞ்சிது. ஆனா அந்த வார்த்த என் வாயில வரல. கோணின்னுதான் சொன்னேன்.”

“கோணின்னா இன்னா, பட்டுப் பொடவையா?”

தனலட்சுமியம்மா விஷயம் என்னவென்று கேட்டார். சாந்தி சொன்னாள். அந்த அம்மா நெல்லை வாருவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நல்ல ஆளுண்ணே நீ. பொண்டாட்டிகிட்டயே கள்ளத் தராசு புடிக்கிற.”

சாந்தி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. “சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே ஞாயிறு பத்திப் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, நுங்குத் தண்ணீரைக் கையில் வழியவிட்டபடி வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவ்வளவு பேசினாளே, இருமவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நேற்று ரயிலில் இருமவில்லை. ராத்திரி அறையிலும் இருமவில்லை. நான் அலாரம் அடிக்கும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கியது மெத்தையால் அல்ல. இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்தும் இது என் கண்ணில் படவில்லை.

“சாக்கு” என்றேன்.

“இன்னா?”

“சாக்கு. சாக்கு, சாக்கு. மூணு தடவ சொல்லிட்டேன். அந்தம்மா சாட்சி.”

“நான் சாட்சிண்ணே!” என்று அங்கிருந்தே குரல் வந்தது.

வண்டி பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. எல்லோரும் சேர்ந்து பிடித்தோம். மூட்டைகளுக்கு வாய் தைத்து, தார்ப்பாய் மூடி முடிக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் போங்கள், சித்திரையில் வெயில் தாங்காது. கோயில்கள் மதியம் மூடிவிடும், அதற்குள் பார்த்துவிடுங்கள். பாகூர் ஏரிக்கரையில் விடியும்போதே இருக்க வேண்டும், ஒன்பது மணிக்குப் போய் எங்கே பறவை என்று கேட்காதீர்கள். கரையில் நிழல் இல்லை, கடை இல்லை. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரப்பார்வைக் கண்ணாடி இருந்தால் கொண்டு போங்கள், நாங்கள் கொண்டு போகாமல் வருத்தப்பட்டோம். வெடிச் சிரிப்பும் பாட்டுச் சத்தமும் அங்கே வேண்டாம்.

திரும்புகிற பஸ்ஸில், ஈரத் துணியோடு உட்கார்ந்து ஷரத்துகளைப் பேசி முடித்தோம். அவள் என்னைவிடக் கெட்டியாகப் பேரம் பேசினாள். ஞாயிறு முழு நாள் கடை அடைப்பு. வாசலில் லோடு வந்து நின்றாலும் திங்கள் காலை ஏழு மணிக்குத்தான் இறக்க வேண்டும். அறுவடை மாதங்களில் மட்டும், மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மதியம் வரைக்கும், நான் மட்டும் திறந்துகொள்ளலாம். உதறுகிற வேலை அன்றைக்கும் கிடையாது.